பொது மரை

ஜெர்மனியின் ஸைஸ் ஐக்கான் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் கான்டாஃப்ளெக்ஸ் 126 என்றொரு கேமராவை விற்றது. கனமான உடல், கழற்றி மாட்டும் ஸைஸ் லென்ஸ்கள், நேர்த்தியான ஷட்டர். ஏறக்குறைய அதே காலத்தில் குஜராத்தின் பரோடாவில் ஆக்ஃபா கிளிக் 3 தயாராகிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உடல், எளிய லென்ஸ், மாற்ற முடியாத ஷட்டர் வேகம். நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கும் காதுகுத்து, பள்ளிச் சுற்றுலாப் படங்களில் எத்தனையோ அதில் எடுத்தவை. இன்று இரண்டும் பரணிலிருந்து இறங்கி வந்தால், தூசி துடைத்த அன்றைக்கே படமெடுக்கக்கூடியது கிளிக் 3தான். அது கேட்கும் 120 ரோல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. கான்டாஃப்ளெக்ஸ் கேட்கும் 126 கார்ட்ரிட்ஜ் வருவதில்லை. காலி கார்ட்ரிட்ஜைத் தேடிப் பிடித்து, இருட்டில் வேறு ஃபிலிமை நிரப்பி, பிடிவாதக்காரர்கள் சிலர் மட்டும் அதை ஓட்டுகிறார்கள்.

பழைய கேமராக்களைச் சீர்செய்து பயன்படுத்துவோர் இன்று உலகெங்கும் பெருகியிருக்கிறார்கள். அந்தக் கருவிகள் இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணம் கேட்டால், பித்தளை, எஃகு, அந்தக்காலத்துக் கைவேலை என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கைவேலைதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்றால் கான்டாஃப்ளெக்ஸ் 126 ஓட வேண்டும், கிளிக் 3 குப்பைக்குப் போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஒரு கேமரா எந்த ஃபிலிமை விழுங்குகிறது, அதன் லென்ஸ் எந்த மரையில் ஏறுகிறது, அதன் துணைக்கருவிகள் எந்த அளவில் செய்யப்பட்டன, அந்த அளவுகள் ஒரு கம்பெனியின் தனிச்சொத்தா, பலரும் புழங்கிய பொதுச்சொத்தா என்பதுதான் ஆயுளை நிர்ணயித்தது என்பது என் வாதம். மெக்கானிக்கின் திறமை அந்தப் பொதுநிலத்தில்தான் விளைய முடியும்.

ஃபிலிமிலிருந்தே தொடங்கலாம். 35 மில்லிமீட்டர் அகலமும் இருபுறமும் துளைகளும் கொண்ட சுருள், கேமராவுக்காகப் பிறந்ததல்ல. 1890களில் எடிசனின் கூடத்தில் டிக்சன் சினிமாவுக்காக வகுத்த அளவு அது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸின் நுண்ணோக்கித் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஆஸ்கர் பார்னாக், ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடுகள் நிறைந்த பெரிய பெட்டியைச் சுமந்து மலை ஏறுவது அவருக்கு ஆகாது. சினிமாச் சுருளைக் கிடையாக ஓடவிட்டு, சினிமாச் சட்டத்தைப்போல் இரண்டு மடங்காக 24க்கு 36 மில்லிமீட்டர் படம் எடுக்கும் ஒரு சிறு கருவியை 1913-14 வாக்கில் செய்து பார்த்தார். அதன் வழிவந்த லைக்கா 1925ல் லைப்ஸிக் சந்தையில் விற்பனைக்கு வந்தது. புதிய அளவில் ஃபிலிம் தயாரிக்கும்படி பார்னாக் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சினிமா இருக்கும் ஊரிலெல்லாம் அவருடைய கேமராவுக்குத் தீனி இருந்தது. இந்த முதல் முடிவின் பலன் இன்றுவரை தொடர்வதைப் பின்னால் பார்ப்போம்.

சுருள் பொதுவானதாக இருந்தாலும், அதை வைக்கும் டப்பி அப்படி இல்லை. லைக்காவுக்கு ஃபில்கா என்ற பித்தளை டப்பி. இருட்டறையில் சுருளை வெட்டி அதற்குள் நிரப்ப வேண்டும். கேமராவின் அடித்தட்டுச் சாவியைத் திருகினால்தான் அதன் வாய் திறக்கும். 1932ல் வந்த போட்டியாளர் கான்டாக்ஸுக்கு வேறு டப்பி. இந்த இரண்டுக்கும் பொருந்தும்படி, வாயில் வெல்வெட் ஒட்டி, வெளிச்சத்திலேயே மாட்டக்கூடிய டப்பியை 1934ல் கோடக் கொண்டுவந்தது. ஷ்டுட்கார்ட்டில் தயாரான தன் ரெட்டினா கேமராவுடன் அதை விற்றது. 135 என்று எண்ணிட்டது. நம் ஸ்டூடியோக்காரர்கள் ‘ஃபிலிம் ரோல்’ என்று நீட்டியது இதைத்தான். எதிராளியின் கேமராவிலும் தன் சரக்கு ஓட வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு, 90 ஆண்டுகளாக மாறாத ஒரு பொது அளவாகிவிட்டது. அதே கோடக் அதே பத்தாண்டில் இதற்கு நேரெதிரான வேலையும் செய்தது. 1901 முதல் புழங்கிய 120 ஃபிலிமை அப்படியே எடுத்து, சற்று மெல்லிய உலோகக் கட்டையில் சுற்றி, 620 என்று பெயர் சூட்டியது. உள்ளே இருப்பது அதே அகல ஃபிலிம்தான். ஆனால் தன் 620 கேமராவில் 120 கட்டை நுழையாது. 1995ல் 620 நின்றது. அந்த வகை கேமரா வைத்திருப்பவர்கள் இன்று இருட்டில் 120 ரோலைப் பிரித்துப் பழைய கட்டையில் சுற்றிக்கொள்கிறார்கள். கட்டையின் தடிமனில் செய்த சிறு மாற்றம் நல்ல நல்ல கேமராக்களை முடக்கிப் போட்டது.

மரையின் கதை இதைவிடச் செறிவானது. முதல் லைக்காவின் லென்ஸ் கழற்ற முடியாதது. 1930ல் கழற்றி மாட்டும் லென்ஸ் வந்தபோதும் ஒவ்வொரு லென்ஸும் ஒவ்வொரு உடலுக்கென்று ஒத்துப்பார்த்துச் சரிசெய்யப்பட்டது. எந்த உடலுக்கு உரியது என்பதற்காக அந்த உடல் எண்ணின் கடைசி இலக்கங்களை லென்ஸில் பொறித்துக் கொடுத்தார்கள். இந்த நிலையில் ஒன்று கெட்டால் இரண்டும் தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும். 1931ல் லைட்ஸ் லென்ஸ் வளையத்தின் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரத்தை 28.8 மில்லிமீட்டர் என்று நிலைப்படுத்தியது. அப்படித் தரப்படுத்திய உடல்களின் வளையத்தில் ஒரு சுழியம் பொறித்தார்கள். சந்தையில் பழைய லைக்கா பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்தச் சுழியத்தைத்தான். வளையத்தின் விட்டம் 39 மில்லிமீட்டர். மரையோ அங்குலத்துக்கு 26 புரி. மெட்ரிக் விட்டத்தில் ஆங்கில மரை வந்ததற்கு அந்தத் தொழிற்சாலையின் நுண்ணோக்கி மரபே காரணம். நுண்ணோக்கித் தொழிலில் ஆங்கில அளவு ஏற்கெனவே பொதுவாகியிருந்தது.

28.8 என்பது பழுதுபார்ப்பவரின் மேசையில் என்னவாகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். திருகு லைக்காவின் உள்கூட்டை வெளியே எடுக்க லென்ஸ் வளையத்தின் நான்கு திருகுகளையும் சுற்றியுள்ள சிறு திருகுகளையும் கழற்ற வேண்டும். வளையம் கையில் வரும்போது அதனடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய காகித, உலோக ஷிம்கள் உதிரும். நூலளவுக்கும் மெல்லிய அந்தத் துண்டுகள்தான் அந்த உடலை 28.8க்குக் கொண்டுவருபவை. எது எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் துடைத்து வீசியவர், பிறகு ஷட்டரை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் படத்தின் ஒரு ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் மங்கலாகவும் வரும். தவறவிட்டாலும் மீள வழி உண்டு. ஆழ அளவியை வளையத்தின் மேல் நான்கு இடங்களில் நிறுத்தி அழுத்துத் தகடுவரை அளந்து, ஃபிலிம் ஓடும் இடைவெளியைக் கணக்கில் கழித்து, புது ஷிம் வெட்டிப் போடலாம். இது முடிவது அளவு எல்லோருக்கும் தெரிந்திருப்பதால். கேமராவைச் செய்தவர்கள் மறைந்து, தொழிற்சாலை உதிரிபாகம் தருவதை நிறுத்திய பின்னும், வெட்ஸ்லாரையே பார்த்திராத ஒருவர் அதை மீண்டும் சரியான நிலைக்குக் கொண்டுவர முடிகிறது.

அந்த அளவு எல்லோருக்கும் தெரிந்தது லைட்ஸின் தாராளத்தால் அல்ல. உக்ரைனின் கார்கிவில், வீடற்ற சிறுவர்களுக்காக அன்டோன் மக்காரென்கோ நடத்திய ஜெர்ஜின்ஸ்கி கம்யூனில், மின்துளைப்பான் செய்துகொண்டிருந்த பிள்ளைகளின் பட்டறை 1934 முதல் லைக்காவை அச்சு அசலாகப் பிரதியெடுத்து விற்கத் தொடங்கியது. ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகளால் அதற்கு ஃபெட் என்று பெயர். அனுமதி கேட்கப்படவில்லை. இந்த இடத்தில் என் வாதத்துக்குக் கூர்மையான சான்று ஒன்று கிடைக்கிறது: போருக்கு முந்தைய ஃபெட்கள் 28.8ஐப் பின்பற்றவில்லை, ஒவ்வொரு லென்ஸையும் அதனதன் உடலுக்கு ஏற்பவே சரிசெய்தார்கள். கேமராவின் தோற்றம் வந்துவிட்டது, அளவு வரவில்லை. ஆகவே அக்கால ஃபெட் லென்ஸை இன்று வேறு உடலில் மாட்டினால் தெளிவு கிடைக்கும் என்று நம்ப முடியாது. போருக்குப் பிந்தைய ஃபெட்களும், 1948 முதல் மாஸ்கோவை அடுத்த க்ராஸ்னகோர்ஸ்க்கில் வந்த ஜோர்க்கிகளும் 28.8ல் நின்றன, அவற்றின் லென்ஸ்கள் இன்று யார் கேமராவிலும் ஏறுகின்றன.

போர் முடிந்ததும் நேச நாடுகள் ஜெர்மன் காப்புரிமைகளைப் பறிமுதல் செய்தன. பிரிட்டனின் லெஸ்டர் நகரில் ரீட், ஜப்பானில் லியோடாக்ஸ், நிக்கா, கேனான் என்று லைக்கா மரை கொண்ட கேமராக்கள் பல நாடுகளில் பெருகின. 1950ல் கொரியப் போரைப் படமெடுக்கப் போன லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன், டோக்கியோவில் நிக்கோர் லென்ஸ்களைப் பார்த்து வியந்து, தன் லைக்கா உடல்களில் அவற்றை மாட்டிக்கொண்டு போர்முனைக்குப் போனார். ஜப்பானிய லென்ஸின் தரத்தை அமெரிக்கப் பத்திரிகைகள் அறிந்துகொண்டது அந்தப் படங்களால். ஜெர்மன் மரை பொதுவாகியிராவிட்டால் அந்த லென்ஸ்கள் அவர் கேமராவில் ஏறியிருக்காது. பறிமுதல், திருட்டு, பிரதி என்று அறத்துக்குப் புறம்பான வழிகளில் உருவான பொதுநிலம் இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. லைட்ஸும்கூடக் கடைசியில் அதை மதித்தே நடந்துகொண்டது. 1954ல் எம்3 கேமராவுக்குத் திருகு மரையை விட்டுப் புதிய பூட்டு வளையத்துக்கு மாறியபோது, தூரத்தை 27.8 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு வளையத்தைச் செருகினால் 1930களின் லென்ஸ்கூடப் புது உடலில் தூரமானியோடு இணைந்து வேலை செய்யும்.

துணைக்கருவிகளின் உலகம் முழுவதும் இப்படிப்பட்ட சிறு ஒப்பந்தங்களால் ஆனது. 1925 லைக்காவின் தலையில், தூரமானியைச் செங்குத்தாகச் செருக ஒரு சிறு காலணி வைத்தார்கள். அதுவே பிறகு ஃபிளாஷுக்கும் வியூஃபைண்டருக்கும் உலகப் பொது இடமானது. இன்றைய டிஜிட்டல் கேமராக்களின் தலையிலும் அந்த வடிவமே இருக்கிறது. முக்காலியில் ஏறும் கால் அங்குலத் திருகு, இரு ஜெர்மன் ஷட்டர் வகைகளின் பெயர்களை இணைத்த ஃபிளாஷ் இணைப்பு, 49, 52 என்று எண் போட்ட ஃபில்டர் வளையங்கள், கேபிள் ரிலீஸின் கூம்பு மரை எல்லாம் அப்படியே. திருகு லைக்காவுக்கு இன்று மிகவும் தேவைப்படும் பொருளோ ஒரு துண்டு உலோகம். ஆப்லான் என்று பெயர். இன்றைய ஃபிலிமின் குட்டையான நாக்கு, கீழிருந்து நுழைக்கும் அந்தக் கேமராவின் பற்களில் சிக்கிக் கிழியும். நாக்கை ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கு நீட்டி வெட்ட வழிகாட்டும் தகடு அது. அட்டையில் வெட்டிக்கொண்டாலும் வேலை நடக்கும். கழுவும் மருந்திலும் இதே கதை. கோடக் 1927ல் தந்த டி-76 டெவலப்பரின் கணக்கு வெளிப்படையானது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. பாக்கெட் வராமல் போனாலும் ரசாயனக் கடையும் ஒரு தராசும் போதும். சில வண்ண ஃபிலிம்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கோடக்ரோம் கழுவும் முறை சிறு இருட்டறைக்கு அடங்காத அளவு சிக்கலானது. ஃபிலிம் 2009ல் நின்றது, கழுவி வந்த கடைசிக் கூடமும் 2010 டிசம்பரில் நிறுத்தியது, எஞ்சிய ரோல்களின் வண்ணம் அத்தோடு போனது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அளவு பொதுவாக இருந்து என்ன பயன், உள்ளே இருப்பது மின்சுற்றாக இருந்தால் யாரும் சரிசெய்ய முடியாதே. ஆகவே ஆயுளின் ரகசியம் இயந்திர ஷட்டர்தான் என்பார்கள். 1976ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000 இரண்டும் வந்தன. ஏஇ-1 நுண்செயலி வைத்த கேமரா; பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் விழாது. கே1000க்குப் பேட்டரி ஒளிமானிக்கு மட்டும். 1997 வரை விற்றது. ஏஇ-1கள் பல இன்றும் குறையின்றி ஓடுகின்றன. அவற்றில் அடிக்கடி வரும் கீச்சொலிகூட மின்சுற்றால் அல்ல, எண்ணெய் வற்றிய பல்சக்கரத்தால் வருவது. இயந்திர ஷட்டரும் நித்தியமானது அல்ல. லைக்காவின் ரப்பர் பூசிய துணித்திரை காய்ந்து வெடிக்கும். மூடாத லென்ஸ் வழியே சூரியன் விழுந்தால் ஊசித்துளை எரியும். மெதுவேகச் சக்கரங்களில் கிரீஸ் பிசினாகும். நம் கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்து பூச்சையே அரிக்கும். இரண்டு வகையும் கெடும். கெட்ட பின் என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. திரைத்துணியை எந்த நாட்டிலும் வெட்டி ஒட்டலாம், ஸ்பிரிங்கின் இழுவிசையைத் திருகிச் சரிசெய்யலாம். ஏஇ-1ன் சுற்று எரிந்தால் உதிரிபாகம் இன்னொரு செத்த ஏஇ-1லிருந்துதான் வர வேண்டும். அந்தச் சுற்று ஒரே கம்பெனி ஒரே மாடலுக்காக வரைந்தது. எனவே இந்த மறுப்பும் சுற்றி வந்து என் வாதத்தின் பக்கமே நிற்கிறது. மின்சாரம் பொது அளவில் இருந்த இடங்களில் மீட்சியும் எளிதாகவே இருக்கிறது. ஒலிம்பஸ் ஓஎம்-1ன் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பாதரசம் தடைசெய்யப்பட்டதும் 1.5 வோல்ட் போட்டால் அளவு பிசகியது. காதுகேட்கும் கருவிக்கு விற்கும் 675 எண் துத்தநாகக் காற்றுப் பேட்டரி, 1.4 வோல்ட், ஒரு சிறு வளையத்தோடு அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

சேகரிப்பாளர்கள் வேறொரு ஆட்சேபம் எழுப்புவார்கள். புதுத் திரை, புதுத் தோல், புது ஷிம் போட்ட பின் அது அதே கேமராவா, அசல்தன்மை போய்விடாதா என்று. அலமாரியில் வைப்பவருக்கு அந்தக் கவலை நியாயமானது. ஆனால் வரலாறு அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. 1930களில் லைட்ஸ் தொழிற்சாலையே பழைய லைக்காக்களைத் திரும்பப் பெற்று, தூரமானி பொருத்தி இரண்டாம் மாடலாகவும், மெதுவேகம் சேர்த்து மூன்றாம் மாடலாகவும் மாற்றிக் கொடுத்தது. எண் பழையதாகவே இருக்கும். அந்த வசதி போருக்குப் பின்னும் தொடர்ந்தது. 1925க்கு அடுத்த ஆண்டுகளில் பிறந்த உடல்கள் 1950களின் ஃபிளாஷ் இணைப்போடு இன்று கைமாறுகின்றன. பிரித்துப் பூட்டப்படுவது அந்தக் கருவியின் பிறவி இயல்பு என்று செய்தவர்களே கருதியிருக்கிறார்கள். ஃபெட்டின் மேற்தட்டைச் சுரண்டி லைக்கா என்று பொறித்து விற்கிறார்களே, கண்டிக்க வேண்டியது அதைத்தான். நேர்மையான பழுதுபார்ப்பை அதோடு சேர்க்கக் கூடாது.

எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு கடைசியானது. மரையும் டப்பியும் பொதுவாக இருக்கலாம், ஃபிலிமைச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தானே. அவர்கள் நிறுத்தினால் பொது அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்கு நம்மிடமே ஒரு பாடம் இருக்கிறது. 1960ல் இந்திய அரசு உதகையில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பம், தூசி குறைந்த குளிர்ந்த மலைக்காற்று. 1967 முதல் உற்பத்தி. ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தன. ஊட்டியின் ஒரு பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். 1990களில் நலிந்து, பின்னர் மூடப்பட்டது. அந்த ஆலையின் எந்திரங்களை ஷிம் வெட்டி மீட்க முடியாது. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை முழு இருட்டில் அகலமான தாளின்மேல் ஒரே தடிமனாகப் பூசுவது பெரும் ஆலை வேலை. சிறிய அளவில் செய்தால் கட்டுப்படியாகாது. பழுதுபார்ப்பவரின் கை எட்டாத இடம் இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஃபிலிம் முழுதும் செத்துவிடாமல் நின்றது எப்படி என்று பார்த்தால், பார்னாக்கின் அந்த முதல் முடிவுதான் மீண்டும் வந்து நிற்கிறது. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கோரியது. ராச்செஸ்டரில் அதன் பூச்சு ஆலை ஓடிக்கொண்டிருந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹாலிவுட். 2015ல் ஆறு பெரிய ஸ்டூடியோக்கள் சினிமா ஃபிலிம் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டன. டிஜிட்டலை ஏற்க மறுத்த இயக்குநர்களின் வற்புறுத்தல் அதன் பின்னால் இருந்தது. அதே ஆலையில், அதே 35 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டப்பட்டே 135 டப்பிகளும் நிரம்புகின்றன. கருப்பு வெள்ளைக்கு இங்கிலாந்தின் மோபர்லியில் இல்ஃபோர்டும், செக் நாட்டின் ஹ்ரடெட்ஸ் க்ராலோவேயில் ஃபோமாவும் பூசிக்கொண்டிருக்கின்றன. தனியுரிமை டப்பிகளை நம்பிய வடிவங்களுக்கு இந்த மாதிரி அண்டை ஆதரவு எதுவும் இல்லை. கோடக்கின் டிஸ்க் 1982ல் வந்து 17 ஆண்டுகளில் போனது; பல கம்பெனிகள் கூடி 1996ல் கொண்டுவந்த ஏபிஎஸ்ஸும் 15 ஆண்டுகளே நின்றது. ஏபிஎஸ்ஸைப் பலர் கூடித்தான் செய்தார்கள் என்று யாராவது சுட்டிக்காட்டலாம். கூடிச் செய்தும், புகைப்படத்துக்கு வெளியே அதை வேறு எந்தத் தொழிலும் பயன்படுத்தவில்லை. தேவை குறைந்த அன்று தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

2022ல் லைக்கா தன் எம்6 ஃபிலிம் கேமராவை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. 2024ல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புதிய கேமரா வந்தது. ஒரு சட்டத்தை இரண்டாகப் பிரித்து, 36 படம் வரும் ரோலில் 72 எடுப்பது. இரண்டும் கோடக் 1934ல் வகுத்த அதே டப்பியைத்தான் கேட்கின்றன. ஆனால் பென்டாக்ஸ் 17ன் ஷட்டர் மின்சுற்றால் இயங்குவது. அந்தச் சுற்றின் வரைபடத்தையும் பழுதுபார்ப்புக் கையேட்டையும் பென்டாக்ஸ் வெளியிட்டால், 28.8 மில்லிமீட்டர் திருகு லைக்காவுக்குச் செய்ததை அந்தக் காகிதங்கள் இந்தக் கேமராவுக்குச் செய்யும். வெளியிடாவிட்டால், ஃபிலிம் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே பழுதுபார்ப்பு மேசையில் அது ஏஇ-1ன் வரிசையில் போய்ச் சேரும்.